‘நான் வீலி அடிக்கலையே’ என்று சொல்லித் தப்ப முடியாது

"மாமா, நான் வீலி அடிக்கல. பின்னாடி நின்னு வீடியோதான் எடுத்தேன்."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் தங்கை மகன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வயசு 17. நண்பர்கள் எட்டுப் பேர் நந்தி மலைக்குக் கிளம்பியிருக்கிறார்கள், பெங்களூர் ஏர்போர்ட் ரோடு சர்வீஸ் ரோட்டில் இரண்டு பேர் முன்சக்கரத்தைத் தூக்கி வீலி காட்டியிருக்கிறார்கள், இவன் ஓரமாக நின்று மொபைலைப் பிடித்திருக்கிறான். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு அவன் ஓட்டி வந்த 110 சிசி ஸ்கூட்டர் என் தங்கை பெயரில் இருந்தது. வீலி அடித்த இரண்டு பேரைவிட என் தங்கைக்குத்தான் அன்றைக்குப் பெரிய கேஸ்.

இதே ஊரில், அல்சூரில் பிறந்து வளர்ந்த எனக்கே அதுவரை இது தெரியாது. சாகசம் செய்கிறவனைத்தான் பிடிப்பார்கள், நாம் சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன். சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது: வண்டி யார் பெயரில், என்ன சத்தம், எவ்வளவு ரோடு அடைபட்டது.

முதலில் இந்த 16 வயசு விஷயம். "பதினாறு முடிஞ்சா கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்" என்று எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் நம்புகிறார்கள், என் தங்கையும் நம்பினாள். சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேல் போகாத வண்டி. இன்று ஷோரூமில் பார்க்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் பெரும்பாலும் 110, 125. அதற்கு 18 முடிந்திருக்க வேண்டும். முடியாத பையன் ஓட்டி ஏதாவது குற்றத்தில் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோர் மேலும் வண்டியின் உரிமையாளர் மேலும் பாயும்: மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். கோர்ட் முதலில் எடுத்துக்கொள்வது, உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்று. இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி டிவி மேலேயே கிடக்கிற வீட்டில் இதை எப்படி நிரூபிப்பது? தங்கை 25,000 கட்டினாள். ஸ்கூட்டர் ஒரு வருஷம் சந்தில் நீலத் தார்ப்பாய்க்குள் கிடந்தது, சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்து வைத்தது, அவள் சிவாஜிநகர் போய் இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போனாள்.

வண்டியை விற்றுவிட்டு ஆர்சியில் பெயர் மாற்றாமல் விடுகிறவர்களும் கிட்டத்தட்ட இதே குழியில்தான் விழுகிறார்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கைக் கொடுத்து, ஃபார்மில் கையெழுத்தும் போட்டுவிட்டு மறந்துபோவோம். அது மூன்று கை மாறி எங்கேயோ ராத்திரி ரேஸில் ஓடும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஜேசி ரோட்டிலோ ஏரியா மெக்கானிக்கிடமோ கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு இந்தோரி, பஞ்சாப் என்கிற சத்தம் போடும் சைலன்சர்களை மாட்டிக்கொள்கிறவர்கள் சொல்கிற சமாதானம் ஒன்றுதான்: "கடையில் வெளிப்படையா விக்கிறான், அப்ப எப்படித் தப்பு?" விற்பது ஒரு கேள்வி, ரோட்டில் ஓட்டுவது இன்னொரு கேள்வி. சத்த வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவு: முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182ஏ தனி, அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 என்று கணக்குப் போட இடம் இருக்கிறது. சைலன்சர் ஒன்று, ஹேண்டில் ஒன்று, லைட் ஒன்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். "டிபி கில்லர் போட்டிருக்கேன் சார்" என்று, சத்தத்தைக் குறைக்கச் சைலன்சர் வாயில் செருகும் குழாயைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். செக்கிங்கைப் பார்த்ததும் அந்தக் குழாய்த் துண்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகுகிற பையனை அல்சூர் ஏரிக்கரையில் நானே பார்த்திருக்கிறேன். சைலன்சர் சூட்டில் கை சுட்டு, ஊதி ஊதி மாட்டிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் அவசரப்படாமல் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

சத்தம் விஷயத்தில் நேரமும் முக்கியம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை இரவு என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே இன்னும் குறைவு. ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பட்டாசு மாதிரி வெடிக்க வைக்கும் வண்டி இதில் எந்தக் கணக்கிலும் அடங்காது.

வீலி பற்றி ஒரு வேடிக்கை. அந்தச் சொல்லே மோட்டார் வாகனச் சட்டத்தில் கிடையாது. 1988-இல் சட்டம் எழுதியவர்கள் இரண்டு சக்கர வண்டியை ஒரு சக்கரத்தில் ஓட்டுவார்கள் என்று யோசித்திருக்கவே மாட்டார்கள் என்ற ரீதியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் 2025-இல் பேசியது, கடுமையான சட்டம் கொண்டுவரச் சொன்னது. ஆனால் சொல் இல்லை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகாது. ஆபத்தாக ஓட்டியதற்கு 184: முதல் முறையே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவில், தாறுமாறாக ஓட்டியதற்கு எஃப்ஐஆர். இதுதான் உண்மையில் உறுத்தக்கூடியது. ஏனென்றால் நம் ஊரில் எல்லோருக்கும் சாலான், அதாவது அபராதச் சீட்டு, பழகிவிட்டது. 2023 பிப்ரவரியில் பாதித் தள்ளுபடி, 2025 ஆகஸ்ட்டில் மறுபடி பாதித் தள்ளுபடி, அதனால் "அப்புறம் கட்டிக்கலாம்" என்ற மனநிலை வந்துவிட்டது. சாலான் வேறு, எஃப்ஐஆர் வேறு. எஃப்ஐஆரில் தள்ளுபடி மேளா கிடையாது. கோர்ட்டில் போய் "ஒத்துக்கிறேன், அபராதம் கட்டிடறேன்" என்றால் அது பில் கட்டுவது போல அல்ல, குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கிக்கொள்வது. ஐடி கம்பெனியின் பின்னணிச் சோதனையிலும் பாஸ்போர்ட் விசாரணையிலும் அது வந்து நிற்கலாம். ஒத்துக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள், அவ்வளவுதான்.

ரேஸ் என்றால் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்பதும் தப்பு. 189-ஆம் பிரிவு ரேஸோடு வேகச் சோதனையையும் சேர்த்தே சொல்கிறது, கலந்துகொள்பவரோடு அனுமதிப்பவரையும் சேர்க்கிறது. ஏர்போர்ட் ரோட்டில் ஹெப்பாளிலிருந்து சாதஹள்ளி டோல் வரை எத்தனை நிமிஷத்தில் போனேன் என்று ஸ்பீடோமீட்டரைக் காட்டி ரீல்ஸ் போடுகிறவர், சாட்சியைத் தானே தயார் செய்து, பின்னணி இசையும் சேர்த்து, போலீஸுக்கு அனுப்பி வைக்கிறார். பெங்களூர் போலீஸ் இன்ஸ்டா பார்த்து ஆளைப் பிடிப்பது இப்போது செய்தியே இல்லை. இன்னொன்று, ஊர் ஓரமாகப் போகும் நைஸ் டோல் ரோட்டில் 2022 ஜனவரியில் ராத்திரி 10 முதல் காலை 5 வரை டூவீலருக்குத் தடை போட்டார்கள், மைசூர் எக்ஸ்பிரஸ் ரோட்டின் மெயின் பாதையில் 2023 ஆகஸ்ட்டிலிருந்து டூவீலரே கூடாது. புத்தாண்டு ராத்திரி மேம்பாலங்களை மூடிவிடுவார்கள். "காலியா இருந்துச்சு, போனேன்" என்பது பதில் ஆகாது, மூடியதால்தான் காலியாக இருந்தது.

ரோட்டை அடைப்பதில் நம் ஆட்கள் கொஞ்சம் உஷாராக வேண்டும். பிறந்த நாள் கேக்கைக் காரின் பானட்டில் வைத்து நடுரோட்டில் வெட்டுவது, கல்யாண ஊர்வலம், திருவிழா, சாவு. கடைசியைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் போனபோது பறை முன்னால் போக, அதற்கும் முன்னால் பத்து பைக், ஒருவர்கூட ஹெல்மெட் இல்லை, ஒரே உறுமல். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு நின்றது, பறைச் சத்தத்திலும் பைக் சத்தத்திலும் யாருக்கும் அது கேட்கவில்லை. மலர் வண்டி டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்து இறங்கி ஓடினார். அவசர வண்டிக்கு வழி விடாவிட்டால் 194இ-யில் 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பொதுவழியை மறித்தால் நியாய சன்ஹிதாவின் 285, அபராதம் 5,000 வரை. முன்பு இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான். துக்கம் என்றும் பார்க்க மாட்டார்கள், சந்தோஷம் என்றும் பார்க்க மாட்டார்கள். பைக் பேரணி என்றால் ஸ்டேஷனில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மைக் செட் வைத்தால் அதற்குத் தனி அனுமதி. ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் கிடைத்த மாதிரி என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். கர்நாடகத்தில் 2014-இல் வேகமாகக் கார் ஓட்டிச் செத்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருடைய சொந்த அஜாக்கிரதையால் வந்த சாவுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் முடிந்தது.

அப்புறம், ஜன்னலோரம் நின்று பல்லைக் கடிக்கிற நம்மைப் போன்றவர்கள் செய்கிற தவறு. 2024 சுதந்திர தினத்தன்று துமகூரு நெடுஞ்சாலையில் வீலி அடித்தவர்களின் இரண்டு ஸ்கூட்டர்களை ஜனங்களே மேம்பாலத்திலிருந்து கீழே தூக்கிப் போட்டார்கள். வீடியோ பார்த்து எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே ஒருவர் நடந்து போயிருந்தால்? கை வைக்காதீர்கள், சாவியைப் பிடுங்காதீர்கள், ஓடுகிற வண்டியைக் காரில் துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் 112, மற்றபடி போக்குவரத்து போலீஸின் அஸ்திரம் செயலியில் போட்டோ. வண்டி பளபளப்பாகத் தெரிகிற படம் வேண்டாம், நம்பர் பிளேட், இடம், நேரம் மூன்றும் தெரிய வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் 40 வீடியோ கிடக்கிறது, எல்லாம் நாலாவது மாடியிலிருந்து ஜூம் பண்ணி எடுத்தது, ஒன்றில்கூட நம்பர் படிக்க முடியவில்லை.