கச்சான் காற்றில் பயின்று பெரிகோர் மேடுகளில் ஓட்டுவது: இராமநாதபுரத்துச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் பிரான்சின் கிராமப்புறச் சாலைகளில் முதலில் தடுமாறுவது மேடுகளில்தான். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதியை விட்டால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள நம் பக்கம் எதுவும் இல்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை சாலை ஒரே மட்டத்தில் கிடக்கிறது. ஆனாலும் நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், முறையாகப் பயன்படுத்தினால், இந்தச் சாலையே அந்த மேடுகளுக்குத் தேவையான பாதிப் பயிற்சியைத் தந்துவிடும். மீதிப் பாதியை வேறு இடத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும். எது இங்கே கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டு ஆயத்தம் செய்பவருக்குப் பிரான்ஸ் பயணம் பெரும் மகிழ்ச்சியாக அமையும்.

முதன்முறை போகிறவர்களுக்குத் தென்மேற்குப் பிரான்சில் தோர்தோன் ஆற்றை ஒட்டிய பெரிகோர் பகுதியையே நான் பரிந்துரைப்பேன். ஆல்ப்ஸ், பிரனீஸ் போன்ற பெருமலைகள் அங்கே இல்லை. ஆற்றோரச் சாலை பெரும்பாலும் சமமாகப் போகும், பழைய ஊர்களோ பாறை விளிம்புகளின் மேல் நிற்கும். 1281இல் அரண் சூழ்ந்த ஊராக நிறுவப்பட்ட தோம், ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின்போது எதிரெதிர் அணிகளில் நின்ற பேனாக், காஸ்டெல்னோ கோட்டைகள் இன்றும் ஆற்றின் இரு கரைகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. சற்றுத் தெற்கே, இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1284இல் நிறுவிய மோம்பாசியே, நேர்கோட்டுத் தெருக்களும் நடுவே சந்தைச் சதுக்கமும் மாறாமல் இருக்கும் ஊர். இவற்றை இணைக்கும் சாலைகளில் எந்த ஏற்றமும் மிக நீளமானதன்று. ஆனால் ஒன்று முடிந்து இறங்கியவுடன் அடுத்தது தொடங்கிவிடும் என்பதால், ஒரு நாளில் பல முறை ஏறி இறங்கும் உடலுறுதி வேண்டும்.

அங்கே மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் சைக்கிளுக்கு ஏற்றவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் விடுமுறைக் கூட்டமும் கார்களும் மிகுதி. நமக்குச் செப்டம்பர்தான் பொருத்தம், ஏனென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று ஓயாமல் வீசும். அந்த மூன்று மாதங்களையும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

காற்றைப் பயிற்சியாக்குவது

இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி நோக்கிப் போகும் சாலை பெரும்பகுதி தென்மேற்குத் திசையில் செல்கிறது. அதாவது போகும்போது காற்று நெஞ்சில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். களைத்த பிறகு காற்று துணைக்கு வரும் இந்த அமைப்பு, தனியாகப் பயில்பவருக்குப் பெரிய வசதி. விடியலில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே பயிற்சி நாளில் ஏழு மணி அளவில் கிளம்பினால் போதும். தண்ணீர் மட்டும் இரண்டு பாட்டில் இருக்கட்டும், ஏர்வாடியைத் தாண்டினால் நிழலும் கடையும் குறைவு.

எதிர்காற்று எவ்வளவு ஏற்றத்துக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 3 சதவீத ஏற்றத்தில் (நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயர்வது) பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 23 நியூட்டன். மணிக்கு 23 கி.மீ. வேகத்தில் எதிரே வீசும் காற்றில் 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவரைத் தடுக்கும் விசையும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே வேகமானியைப் பார்க்காமல், ஒரு முழு வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிப் பேசி முடிக்கக்கூடிய மூச்சில், நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குக் குறையாமல் பத்து நிமிடம் மிதித்து, பிறகு ஐந்து நிமிடம் இளைப்பாற மெதுவாகப் போய், இதையே நான்கைந்து முறை திருப்பிச் செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இப்படியும், ஒரு நாள் நிதானமாக நீண்ட தூரமும் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் கால் சொன்னபடி கேட்கும்.

இராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலை வேறொரு பாடத்துக்கு உரியது. அது தென்கிழக்காகப் போவதால் கச்சான் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். மணலும் சில இடங்களில் தார் மேல் ஏறிக் கிடக்கும். கைப்பிடியை இறுகப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, உடலை வலப்புறம் சற்றே சாய்த்து நேர்கோட்டில் ஓட்டப் பழகுங்கள். பெரிகோரின் மேட்டு முகடுகளில் சாலையோர மரவரிசை திடீரென்று முடிந்து காற்று பாயும்போது இந்தப் பழக்கமே உங்களைச் சாலையில் நிறுத்தும்.

காற்று கற்றுத்தராதவை

எதிர்காற்றில் வேகத்தைக் குறைத்தால் சுமையும் குறைந்துவிடும். மேட்டில் அப்படி இல்லை. எவ்வளவு மெதுவாகப் போனாலும் உங்கள் எடையை நீங்களே தூக்கியாக வேண்டும். அதனால்தான் கியர் அமைப்பை முன்கூட்டியே சரிபார்க்கச் சொல்கிறேன். பெரிகோரின் சிறு சாலைகளில் 8 சதவீதச் சரிவு அரிதன்று. அதில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, முன் பல்சக்கரம் 34, பின் பல்சக்கரம் 28 என்றால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுதான் மிதிக்க முடியும், முழங்கால் நோகும். பின்னே 34 பல் இருந்தால் அது அறுபதைத் தாண்டும். நம் சமதளத்தில் ஒருபோதும் தேவைப்படாத அந்தப் பெரிய பல்சக்கரத்துக்காகச் செலவு செய்வதில் தயக்கம் வேண்டாம். டயர் 28 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கியரை எப்போது மாற்றுவது என்பதைப் பாம்பன் பாலத்தில் பயிலலாம். ஏற்றம் தொடங்கிக் கால் திணறிய பிறகு மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும். தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே, மிதிவிசையைத் தளர்த்தி மாற்ற வேண்டும். விடியற்காலையில் மட்டுமே அங்கே பயிலுங்கள். பொழுது ஏறிவிட்டால் கடலைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வண்டிகள் பாலத்திலேயே நின்றுவிடும். பாலத் துண்டுகள் சேரும் இணைப்புகளைச் சக்கரம் நேராக இருக்கும்படி கடக்க வேண்டும்.

இறக்கத்தை மட்டும் நம் மாவட்டத்தில் கற்கவே முடியாது. பயணத்துக்கு முன் சில நாள்களாவது திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலைக்குப் போய்வர வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை நல்ல ஆசான். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் எடையை ஊன்றி, வளைவு முடியும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் திரும்ப வேண்டும். இடையறாமல் பிரேக்கை உரசிக்கொண்டே இறங்குவதைவிட, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குவது நல்லது. சக்கரம் சூடேறாது, விரலும் மரத்துப்போகாது.

நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் பிரேக்கை இழுக்கும். பிரான்சில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் வழக்கமாக இடக்கைப் பிடிதான் முன் பிரேக். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். ஆகவே வண்டியைக் கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே தள்ளிப் பார்த்து எது எது என்று உறுதி செய்யுங்கள், அல்லது கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சொந்த வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் விமானப் பெட்டியில் அடைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே பெடல்களும் சீட் கம்பியும் கழல்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். உப்புக்காற்றில் அலுமினியமும் எஃகும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு விடும். சீட் கம்பியை உருவி, பவுடர் போலப் பூத்திருக்கும் வெள்ளைப் படிவை ஈரத்துணியால் துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் இறக்குங்கள். இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசையில் கழலும் என்பதை மறக்கக்கூடாது. டியூப் மாற்றும் வேலையைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. சீமைக்கருவேல முள் நம் எல்லாருக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அங்கே போனபின்

வலப்புறம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். ஆபத்து இருப்பது, கடை வாசலில் நிறுத்திவிட்டு ஆளில்லாத சாலையில் மீண்டும் கிளம்பும் கணத்தில். அப்போது தன்னையறியாமல் இடப்பக்கம் போய்விடுவோம். அடையாளக் குறி எதுவும் இல்லாத சந்திப்பில், குறிப்பாக ஊருக்குள், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தாண்டும் கார் ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் இடம் விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவது 2015 முதல் தடை. இரவிலோ பார்வை மங்கிய நேரத்திலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். செப்டம்பர் காலைகளில் ஆற்றின் மேல் மூடுபனி நிற்கும் என்பதால் அதை எப்போதும் பையில் வைத்திருங்கள். கூடவே ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் வேண்டும். வியர்த்து ஏறிய உடம்போடு குளிர்காற்றில் இறங்கும்போது, நம் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு உதறல் எடுத்துவிடும்.

முதல் நாளை சார்லா நகரிலிருந்து பழைய ரயில் தடத்தின் மேல் போடப்பட்ட பசுமைப் பாதையில் கார்சாக் வரை போய்வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் ஆற்றோரமாக, பாறைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒடுங்கி நிற்கும் லா ரோக் காஜாக் வழியே பேனாக் வரை செல்லுங்கள். மூன்றாம் நாள் செனாக் ஊரிலிருந்து தோம் ஏறுங்கள். எழுபது கி.மீ. இங்கே ஓட்டுகிறவர் அங்கே நாற்பத்தைந்தோடு திருப்தி அடைவது நல்லது. ஊர்களைப் பார்க்கவும் நேரம் வேண்டும் அல்லவா?

சாப்பாட்டில் கவனம் தேவை. மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு மூன்று மணி வரை சிற்றூர்க் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு பிற்பகலும் பல இடங்களில் திங்களும் விடுமுறை. காலையிலேயே பூலாஞ்சரி எனப்படும் ரொட்டிக் கடையில் நீள ரொட்டியும் சீஸும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் எதையும் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பெரிகோர் வாத்துக்குப் பேர்போன நாடு. சார்லா பாணி உருளைக்கிழங்கு வறுவலைக்கூட வாத்துக் கொழுப்பிலோ பெருவாத்துக் கொழுப்பிலோதான் செய்வார்கள். ஆகவே சைவர்களும் ஹலால் பார்த்து உண்பவர்களும் காய்கறிப் பண்டம் என்று நம்பிவிடாமல் எந்தக் கொழுப்பில் செய்தது என்று கேட்டே வாங்க வேண்டும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்ட வாசல் குழாயை உள்ளூர் சைக்கிள்காரர்களே நாடுவார்கள். "ஓ நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

சொந்த வண்டியோடு பாரிஸில் இறங்குகிறவர்கள், போர்தோ நகர் வரை டிஜிவி எனும் அதிவேக ரயிலில், சக்கரங்களைக் கழற்றி 130க்கு 90 செ.மீ. அளவுக்குள் அடங்கும் பையில் வண்டியைக் கட்டிக் கொண்டுபோகலாம். அங்கிருந்து பெர்ஜராக் வழியாகச் சார்லா செல்லும் வட்டார ரயிலில் வண்டியைக் கழற்றாமலே ஏற்றலாம். அந்த ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு என்பதால், வார இறுதியைத் தவிர்த்து வார நாளின் முற்பகல் ரயிலைத் தேர்ந்துகொள்ளுங்கள்.