மணற்கரை மட்டி வெளியேற்றும் அம்மோனியாவை அளப்பது எப்படி?

அலை வந்து திரும்பும் ஈரமணலைக் காலால் கிளறினால் அகப்படும் ஆப்பு வடிவ டோனாக்ஸ் மட்டி, உடலில் புரதம் சிதைவதால் உண்டாகும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகவே நீரில் கலந்துவிடுகிறது. யூரியாவும் அமினோ அமிலங்களும் சிறிதளவே. தமிழகக் கரையில் வாழும் டோனாக்ஸ் குனியேட்டஸ் இந்தச் சோதனைக்கு ஏற்றது.

ஒத்த அளவுள்ள ஐந்து மட்டிகளின் ஓட்டை மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் அம்மோனியா மட்டியின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. பிறகு அவற்றை வடிகட்டிய கடல்நீரில் விட்டுக் காத்திருங்கள். மூடிக் கிடக்கும் மட்டி கழிவைத் தன்னுள்ளேயே தேக்கி வைத்திருந்து, திறந்ததும் மொத்தமாக வெளியே விடும். எனவே மட்டி நீரை உள்ளிழுத்து வெளிவிடும் இரண்டு சிறு குழல்கள் ஓட்டின் விளிம்பில் எட்டிப்பார்த்துச் சற்று நேரம் கழிந்த பின்னரே நீரை மாற்றி அளவைத் தொடங்க வேண்டும். மணல் போட்டால் மட்டி அமைதியாகப் புதைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அம்மோனியா நீரில் கரைந்து உண்டாகும் அம்மோனியத்தை மணல் பிடித்துக்கொள்ளும் என்பதால், மட்டி வெண்ணிறப் பாதத்தை நீட்டிக் கண்ணாடியைத் துழாவுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், நான் மணல் சேர்ப்பதில்லை.

500 மில்லிலிட்டர் நீருள்ள குடுவையில் 2 மணி நேரம் வையுங்கள். அதே அளவு நீர் மட்டும் உள்ள, மட்டி இல்லாத வெற்றுக் குடுவை ஒன்றும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாத அளவீட்டை நான் நம்பமாட்டேன். அறையில் யாராவது புகைபிடித்தாலோ, அம்மோனியா கலந்த திரவத்தால் தரையைத் துடைத்தாலோ நீரில் அளவு ஏறிவிடும்.

நேரம் முடிந்ததும் நீரை வடிகட்டி, ஆய்வாளர் சொலொர்சானோ 1969இல் வெளியிட்ட முறைப்படி, 50 மில்லிலிட்டர் மாதிரியில் ஃபீனால் கரைசல் 2, நைட்ரோபுருசைடு கரைசல் 2, காரச் சிட்ரேட்டும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்த கலவை 5 மில்லிலிட்டர் என்ற வரிசையில் சேர்த்துக் கலக்கி, மூடி வையுங்கள். ஃபீனால் தோலைப் பொசுக்கும். கையுறையும் ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கி அறையும் கட்டாயம். ஒரு மணி நேரத்தில் தோன்றும் நீல நிறத்தை 640 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து, அதே உப்புத்தன்மையுள்ள நீரில் தெரிந்த அளவுகளில் அம்மோனியம் குளோரைடு கரைத்துத் தயாரித்த தர வரைகோட்டோடு ஒப்பிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, மட்டிக் குடுவையில் லிட்டருக்கு 9 மைக்ரோமோலும் வெற்றுக் குடுவையில் 1 மைக்ரோமோலும் கூடியிருந்தால் வேறுபாடு 8. அரை லிட்டருக்கு 4. ஐந்து மட்டிக்கும் 2 மணி நேரத்துக்கும் வகுத்தால், ஒரு மட்டி மணிக்கு 0.4 மைக்ரோமோல் வெளியேற்றுகிறது. வெப்பம் கூடினால் இந்த அளவும் கூடும் என்பதால் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சதையைப் பிரித்து, எடை மாறாத நிலை வரும்வரை 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தி நிறுத்து, ஒரு கிராம் உலர்சதைக்கு இவ்வளவு என்று எழுதினால்தான் சிறிய மட்டியையும் பெரிய மட்டியையும் ஒப்பிட முடியும்.