கை, கால், வாய் நோய்: காப்பகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் குழந்தைகள் காப்பகம் தொடங்கிய சிலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். போய்ப் பார்த்தால், கை, கால், வாய் நோய் விஷயத்தில் முதல் வருஷம் என் காப்பகத்தில் நான் செய்த அதே தவறுகள். காய்ச்சலோடு வரும் குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

டயாபர் மேசையில் சானிடைசர்

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. ஆயா டயாபரை மாற்றுவார், இரண்டு சொட்டு சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு அடுத்த குழந்தையைத் தூக்குவார். நானும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தேன். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். இந்த நோயைத் தரும் காக்சாக்கி ஏ16 போன்ற வைரஸ்களுக்கு அந்த உறையே கிடையாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும்.

கொப்புளம் காய்ந்து, காய்ச்சல் விட்ட பிறகும் மலத்தில் வைரஸ் பல வாரம் வந்துகொண்டிருக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ‘சரியாயிடுச்சு’ என்று ஒரு பையன் திரும்பி வந்தான். அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அதில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, பால் கிண்ணத்தைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும். வாய் நிறையப் புண். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, கடைசியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கே மேசைக்குப் பக்கத்தில் குழாய் வைத்தேன்.

அம்மை என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே இருப்பது

சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் தொடங்கும். கை, கால், வாய் நோய் உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் என்று வரும். எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தக்காளியை நிறுத்துவது

2022-இல் கேரளத்தின் கொல்லம் பக்கம் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று செய்தி வந்ததும், ரசத்தில்கூடத் தக்காளி வேண்டாம் என்றார்கள் சில பெற்றோர். சிவந்த கொப்புளத்தை வைத்து இதே நோய்க்கு வந்த பெயர் அது. புண் ஆறும்வரை புளிப்பும் காரமும் எரியும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாட்டிக் கேட்பது

வைரஸுக்கு வேலை செய்யாது.

ஆஸ்பிரின்

குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

நகம் உரிந்தால் பதறுவது

சில வாரம் கழித்துச் சிலருக்கு உரியும். தானே முளைக்கும்.

தூக்கத்தில் தூக்கிப்போடுவதைக் கனவு என்று விடுவது

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். ஆனால் இதே நோயைத் தரும் என்டெரோவைரஸ் 71 மூளையைத் தாக்கக்கூடியது. 1998-இல் தைவானில் 78 பேர் இறந்தார்கள். குழந்தை திடுக்திடுக்கென்று தூக்கிப்போட்டாலோ, நடை தள்ளாடினாலோ, துவண்டு கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.