நெடுந்தூர போல்ட் ரைஃபிள்: கட்டும்போதும் பழக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனக்கென்று ஒரு நெடுந்தூர ரைஃபிளைக் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் உதிரிபாகப் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். எந்த ஆக்‌ஷன் (தோட்டாவை உள்ளே பூட்டிச் சுடும் இயக்கப்பகுதி), எந்தக் குழல், எந்த ஸ்டாக் (தோளில் தாங்கும் சட்டம்), எந்த ஸ்கோப் என்று மாதக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். எந்தக் குண்டைச் சுடப்போகிறோம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. பின்னால் தலைவலி தரும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முளைக்கின்றன.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எவ்வளவு தூரம், எதற்காகச் சுடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தூரத்திற்கு ஏற்ற குண்டு, அந்தக் குண்டுக்கு ஏற்ற தோட்டா, அதன் பிறகு குழலின் புரி வேகம் (குண்டைச் சுழற்றும் உட்புறத் திருகுவரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பது), தோட்டா அறையின் அளவு, மகசின் நீளம் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் அதற்கும் பிறகுதான்.

புரி வேகத்தைக் குண்டின் எடையை வைத்துத் தேர்ந்தெடுப்பது மிகப் பரவலான தவறு. குண்டு நிலையாகச் சுழன்று பறக்க எவ்வளவு வேகமான புரி தேவை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நீளம். 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் கொடுத்த பழைய சூத்திரத்திலேயே குண்டின் விட்டமும் நீளமும்தான் இருக்கின்றன, எடை இல்லை. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிள் நல்ல சான்று. தொடக்கத்தில் அதன் குழலில் 12 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற புரி இருந்தது. எம்16ஏ2 வந்தபோது அது 7 அங்குலத்திற்கு ஒரு சுற்றாக மாறியது. அவ்வளவு வேகமான புரியைக் கேட்டது அந்தக் காலத்துப் புதிய தோட்டா வரிசையில் இருந்த நீளமான ஒளித்தடக் குண்டு (பறக்கும் பாதையை ஒளியால் காட்டும் குண்டு). ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டுகளுக்கும் இதே கணக்குதான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்கு அந்தக் குண்டு நீளமாகிறது, வேகமான புரியைக் கேட்கிறது. எடையை மட்டும் பார்த்து மெதுவான புரி வாங்கியவரின் குண்டுகள் தாளில் பக்கவாட்டாக, சாவித் துவாரம் போன்ற ஓட்டைகளைப் போடும். அதைச் சரிசெய்ய வேறு குழல்தான் வாங்க வேண்டும்.

ஐயம் வந்தால் ஒரு படி வேகமான புரியின் பக்கம் சாயுங்கள் என்பதே என் ஆலோசனை. 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு 8 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்பது வழக்கமாகிவிட்டதற்குக் காரணம், அந்தத் தோட்டாவே நீளமான குண்டுகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதுதான்.

அடுத்தது தோட்டா அறை. ‘இறுக்கமான அறை துல்லியம் தரும்’ என்று எங்கோ படித்துவிட்டு, கழுத்துப் பகுதியை இறுக்கமாகக் கடையச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கடைந்த அறைக்குத் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்துச் சுவரைச் சீவி மெலிதாக்கிய தோட்டாக்கள்தான் பொருந்தும். கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவை அதில் வலிந்து அடைத்துச் சுட்டால், கழுத்து விரிந்து குண்டை விட இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். போட்டிகளில் பல்லாண்டு ஊறியவர்கள் தேர்ந்து செய்யும் ஏற்பாடு அது. முதல் ரைஃபிளுக்கு வேண்டாம். தொழிற்சாலைத் தோட்டாவையும் தடையின்றி ஏற்கும் அறையே போதும், துல்லியமும் குறையாது. நீங்கள் சுடப்போகும் குண்டைப் பொருத்திய, வெடிமருந்தும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைக் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி அமைக்கும் கைவினைஞர்) கொடுத்துவிடுங்கள். அறைக்கு முன்னால் குண்டு புரியைத் தொடும் ‘தொண்டை’ப் பகுதியின் நீளத்தை அதை வைத்தே அவர் முடிவு செய்வார். அந்தத் தோட்டா உங்கள் மகசினுக்குள் அடங்குகிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தொண்டை நீளமாகவும் மகசின் குட்டையாகவும் அமைந்துவிட்டால், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஒற்றையாக இட்டுச் சுடும் நிலைதான்.

அறையும் கடைந்தே வரும் ஆயத்தக் குழல்கள் பரவலாகிவிட்ட பிறகு, குழலை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை என்ற எண்ணமும் பரவிவிட்டது. போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) முகத்திற்கும் தோட்டா வந்து நிற்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளியைக் கோ, நோ-கோ அளவிகளால் சரிபார்க்காமல் ஒரு தோட்டாவும் சுடக்கூடாது. கோ அளவியின் மீது போல்ட் மூட வேண்டும். நோ-கோ மீது மூடக்கூடாது. இடைவெளி மிகுந்தால் பித்தளைக் கூடு அடியில் கிழிந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். அறை கடைவதையும் இந்த அளவீட்டையும் உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் விடுவதே சரி. குழல் மாற்றத்திற்கு அனுமதியும், அழுத்தச் சோதனை முத்திரையும் கேட்கும் நாடுகள் உண்டு. பாகங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துவிட வேண்டும்.

ட்ரிகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிக மெல்லிய விசை துல்லியத்தைக் கூட்டும் என்று திருகைத் தளர்த்திக்கொண்டே போகாதீர்கள். உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்குக் கீழே போன விசை, போல்ட்டை வேகமாக மூடினாலோ துப்பாக்கி இடிபட்டாலோ தானே விடுபடலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பலமுறை போல்ட்டை அறைந்து மூடிப் பாருங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு ட்ரிகரை இழுங்கள், விடுங்கள், பூட்டை எடுங்கள். ஒரே ஒரு முறை விடுபட்டாலும் அந்த ட்ரிகரோடு சுடுதளத்திற்குப் போகக்கூடாது.

ஸ்டாக்கில் கண்ணுக்குத் தெரிவது வடிவமும் வண்ணமும்தான். வேலை செய்வது ஆக்‌ஷன் அமரும் படுகை. அங்கே சமமில்லாமல் அமர்ந்த ஆக்‌ஷன், திருகை இறுக்கும்போது வளைகிறது. அந்த இறுக்கம் ஒவ்வொரு சூட்டிலும் வேறு விதமாக விடுபடுகிறது. குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே டயல் அளவி ஒன்றைப் பொருத்தி, ஆக்‌ஷன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். கணிசமாக நகர்ந்தால் எபாக்சிப் படுகை போட வேண்டும். திருகுகளை எப்போதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் சாவி) கொண்டு, ஸ்டாக் செய்தவர் சொன்ன அளவில் இறுக்குங்கள். அலுமினிய சட்டத்திற்குச் சொன்ன இறுக்கத்தை வெறும் மரத்தில் பிரயோகித்தால் மரம் நசுங்கும்.

ஸ்கோப் பொருத்துவதில் வருத்தமளிக்கும் அவசரத்தைப் பார்க்கிறேன். ரைஃபிளுக்கு நிகரான விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பின் வளையங்களைக் கைக்கணக்கில் முறுக்கி, அவற்றின் தடத்தை ஸ்கோப்பின் குழாயில் பதித்துவிடுகிறார்கள். வளைய மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். ஸ்கோப் உற்பத்தியாளர் வேறு எண் சொன்னால் அதுவே சட்டம்.

சாய்வும் அப்படியே. 1000 கஜத்திற்கு, அதாவது 914 மீட்டருக்கு, 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டாவில் ஏறக்குறைய 9 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் அது 8 மீட்டருக்குச் சற்று மேல். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் அந்த ஏற்றத்தில் சுமார் 14 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். 100 மீட்டரில் பூஜ்யம் செய்தவருக்கு (ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒத்துப்போகச் சரிசெய்தவருக்கு) இது தெரியவே தெரியாது. தூரத்தில் காற்றின் மேல் பழி போடுவார். நூல் குண்டு கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் கோட்டை அதோடு ஒத்துப் பாருங்கள். துப்பாக்கியிலும் ஒரு ரசமட்டம் இருக்கட்டும்.

ஸ்கோப் அமர்வதற்குச் சரிவுள்ள தளத்தை வாங்க மறப்பதும் உண்டு. மொத்தம் 60 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பைத் தட்டையான தளத்தில் பொருத்தினால் மேல்நோக்கிக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, 30தான். 1000 கஜத்திற்கு அது போதாமல் போகலாம். 20 எம்.ஓ.ஏ. சரிவுத் தளம் அதை 50 ஆக்கிவிடும்.

குழலைப் பழக்குவது

இந்த விஷயத்தில் நம்பிக்கை அதிகம், புரிதல் குறைவு. ஒரு தோட்டா, ஒரு சுத்தம். பிறகு மூன்று தோட்டா, ஒரு சுத்தம் என்று காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்கிறார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டால் ‘குழல் வழவழப்பாகும்’ என்பார்கள். நல்ல உற்பத்தியாளரின் குழல் ஏற்கெனவே உட்புறம் தேய்த்து மெருகிடப்பட்டது. அந்த மெருகின் கோடுகள் குண்டு ஓடும் திசையிலேயே இருக்கின்றன. புதிதாக, மெருகு பெறாமல் இருப்பது தொண்டைப் பகுதி மட்டுமே. அறை கடையும் ரீமர் அங்கே குண்டின் பாதைக்குக் குறுக்காக நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. அவை குண்டின் செம்பு உறையைச் சுரண்டுகின்றன. சுரண்டப்பட்ட செம்பு வெடிவாயுவின் வெப்பத்தில் ஆவியாகி, குழலில் முன்னால் போய்ப் படிகிறது. முதல் சில சூடுகள் அந்த வரிகளை மழுக்குகின்றன. படிந்த செம்பை இடையிடையே எடுத்துவிட்டால், அடுத்த குண்டு செம்பின் மேல் செம்பை அப்பாமல் இரும்பைத் தொடும். பழக்குதல் என்பதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

இதையும் ஏற்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். குழல் தயாரிப்பில் பெயர்பெற்ற கேல் மக்மில்லன், பழக்குதல் தேவையற்றது, குழலின் ஆயுளைத்தான் தின்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னவர். நான் நடுவில் நிற்கிறேன். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், செம்பைப் பாருங்கள். ஒரு தோட்டா சுட்டபின் செம்பு கரைப்பானில் நனைத்த துணித்துண்டு நீலமாக வருகிறதா, எவ்வளவு நீலம் என்று கவனியுங்கள். நீலம் சட்டென்று குறைந்ததும் நிறுத்திவிடலாம். நல்ல குழலில் இது விரைவில் நடக்கும். நாற்பது ஐம்பது வரை இழுத்தடிப்பது, நெடுந்தூரத்தில் செலவழிக்க வேண்டிய சூடுகளை வீணாக்குவதுதான்.

அந்த நீலத்தையே தவறாகப் படிப்பவர்களும் உண்டு. துணியைத் தாங்கும் முனை பித்தளையில் இருந்தால் கரைப்பான் அதையும் கரைத்து நீலம் காட்டும். குழல் சுத்தமாகி நெடுநேரம் ஆன பிறகும் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நிக்கல் பூச்சு அல்லது பிளாஸ்டிக் முனை வாங்குங்கள். அம்மோனியா கலந்த கரைப்பானை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். புட்டியில் எழுதிய நேரத்தை மீறக்கூடாது.

சுத்தம் செய்வதால் கெட்ட குழல்கள் நிறைய. துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்து இழுப்பவர்கள் குழல்வாயின் விளிம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அது. அங்கே சமமின்மை வந்தால் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டைத் தள்ளும். பூச்சிட்ட ஒற்றைக் கம்பி, அறைக்குப் பொருந்தும் வழிகாட்டிக் குழாய், எப்போதும் அறைப்பக்கத்திலிருந்து முன்னோக்கி. புதுத் தொண்டையை உராய்வுப் பசை போட்டுத் தேய்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. சூடு தானே செய்கிற வேலை அது. சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை ஓடவிட்டு எண்ணெயையும் கரைப்பானையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். ஈரமான அறையும் குழலும் அழுத்தத்தைக் குழப்பும்.

இனி, பொறுமை அதிகம் தேவைப்படும் இடம். புதுக் குழலின் வேகம் முதல் 100 முதல் 200 சூடுகளுக்குள் மெல்ல ஏறுவது சாதாரணம். நொடிக்கு 15 மீட்டர், சில சமயம் அதற்கு மேலும் ஏறும். இருபதாவது சூட்டில் ‘இதுதான் என் வெடிமருந்து அளவு’ என்று முடிவு செய்து, தானே நூறு தோட்டாக்களை நிரப்பி வைத்தவர், நூற்றைம்பதாவது சூட்டில் வேறு துப்பாக்கியைச் சுடுகிறார். தூரக் கணக்கு மாறுவது ஒரு பக்கம். வேகத்தோடு அழுத்தமும் ஏறுகிறது என்பது பெரிய விஷயம். உச்ச எல்லையை ஒட்டி நிரப்பியவருக்குப் போல்ட் தூக்கக் கடினமாகும், கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) தடம் பதியும். அந்த அறிகுறி வந்தால் மீதியைச் சுடாமல் பிரித்துவிட வேண்டும். முதல் இருநூறு சூடுகளை, மிதமான தோட்டாக்களோடு, ஸ்கோப்பைப் பழகவும் நிலை எடுக்கவும் போல்ட்டை இயக்கவும் பயன்படுத்துங்கள். வேகமானியில் எண்களை மட்டும் குறித்துவாருங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேறுபாடு 1000 கஜத்தில் 20 சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் இழுக்கும் என்பதால் அந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

குழலைச் சூடேற்றுவதும் இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறு. பத்துப் பதினைந்து தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் தொண்டை தேய்வது துரிதமாகும். குழலிலிருந்து எழும் அனல் குறியை ஆடவைக்கும். கையை வைக்க முடியாத சூடு என்றால் போல்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருங்கள்.

மூன்று குண்டுகளின் குழுவை (ஒரே குறியை நோக்கிச் சுட்டு, தாளில் சேர்ந்து விழுந்த ஓட்டைகளை) வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே துப்பாக்கி, ஒரே சிதறல் இருந்தாலும் பத்துக் குண்டுக் குழு சராசரியாக மூன்று குண்டுக் குழுவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியதாக இருக்கும். இது வெறும் நிகழ்தகவு. மூன்றில் அரை எம்.ஓ.ஏ. வந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்தில் அது வராதபோது ஸ்கோப்பையும் ஸ்டாக்கையும் மாற்றத் தொடங்கியவர்கள், பழுதே இல்லாத பாகங்களை விற்றிருக்கிறார்கள்.

பழக்கிய பிறகு ஒவ்வொரு முறையும் வெற்று இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டியதில்லை. சுத்தமான குழலின் முதல் ஓரிரு குண்டுகள் வேறு இடத்தில் விழும். துல்லியம் தளரும்போது சுத்தம் செய்தால் போதும். விதிவிலக்கு, அறைக்குச் சற்று முன்னால் வளையமாகக் கட்டும் கரி. அது இறுகினால் கூட்டின் வாயையும் குண்டையும் பிடித்துக்கொண்டு அழுத்தத்தைத் தூக்கும். அதை மட்டும் சீரான இடைவெளியில் கவனியுங்கள்.

குழாய்க் கேமரா வாங்கியவர்கள் சில நூறு சூடுகளில் தொண்டையில் வறண்ட நிலம்போல் வெடிப்புகளைக் கண்டு பதறுகிறார்கள். அது வெப்பத்தால் வருவது, இயல்பானது. அதைத் தேய்த்து அழிக்க முயல்வதுதான் தவறு. .308 வின்செஸ்டர் குழல் 5000 சூடுகளையும் தாண்டலாம், 6.5 கிரீட்மோர் பெரும்பாலும் 2000 முதல் 3000க்குள் துல்லியத்தை இழக்கத் தொடங்கும். சூட்டுக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் விடாமல் எழுதுங்கள். அதே தோட்டாவில் வேகம் காரணமின்றி இறங்கினாலும், புரியைத் தொடக் குண்டை மேலும் மேலும் முன்னால் நிறுத்த வேண்டியிருந்தாலும் தொண்டை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நல்ல குழல் தயாரிப்பாளர்களிடம் காத்திருப்பு மாதக்கணக்கில் ஓடும். ஆகவே அடுத்த குழலை, இப்போதைய குழல் நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, அதே ரீமரின் அளவுத்தாளோடு ஆர்டர் செய்துவிடுங்கள்.