கடலோரச் சின்ன நகரமா? காலையில் மீன்துறைக்குப் போங்கள்

மற்றதெல்லாம் அப்புறம். முதல் நாள் காலையிலேயே மீன் இறங்கும் துறையைப் பார்த்துவிடுங்கள். அன்று எது அதிகம் வந்திருக்கிறதோ, மதியம் ஓட்டலில் அதையே கேளுங்கள். சமைப்பதற்கு முன் முழு மீனாகக் காட்டச் சொன்னால் தப்பில்லை: கண் புடைத்துப் பளபளக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் சைவமே மேல்.

ஒயின் குடிப்பவர்கள் உள்ளூர்ச் சரக்கைக் கிளாஸ் கணக்கில் வாங்கிப் பாருங்கள். எடுத்ததுமே முழுப் பாட்டில் வேண்டாம். மீனோடு என்றால் வெள்ளை ஒயின்தான் பாதுகாப்பு. சிவப்பில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால் வாயில் மீன்வாடை தங்கிவிடும்.

அருங்காட்சியகத்தை உச்சிவெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். பாறைத்திட்டுப் பக்கம் நடப்பதானால் கடல்நீர் ஏறி வடியும் ஓத நேரத்தை விசாரியுங்கள். நீர் வடியும்போது போய், மறுபடி ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்.