டெபியன் 12-லிருந்து 13-க்கு: பாதியில் நின்ற அப்கிரேடை மீட்ட கதை

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு, 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி என்ற பெயரோடு வெளிவந்தது. சில வாரம் பொறுத்துவிட்டு என் பழைய லேப்டாப்பில் கை வைத்தேன். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன் இரவு ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். அதில் முக்கால்வாசி நேரம் ஒரே இடத்தில் போனது. அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

உங்களிடம் இருப்பது டெபியன் 12-தானா என்று பாருங்கள். 11-ல் இருப்பவர்கள் முதலில் 12-க்குப் போய், அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 13-க்கு வர வேண்டும். ஒரேயடியாகத் தாண்டக் கூடாது. அடுத்து 'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்கிடெக்சர்' என்று அடியுங்கள். 'ஏஎம்டி64' என்று வந்தால் மேலே போகலாம். 'ஐ386' என்று வந்தால் இங்கேயே நிறுத்துங்கள். 13-ல் ஐ386 வகை 32 பிட் கணினிகளுக்குத் தனி கெர்னலும் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை.

பேக்கப் எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவி பலருக்குப் பிடிக்கும். எனக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்தான்: ஹோம் ஃபோல்டர் முழுவதும் வெளி டிஸ்க்குக்கு, கூடவே கணினியின் அமைப்புக் கோப்புகள் உள்ள /இடிசி ஃபோல்டரின் ஒரு நகல். கணினி போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், கோப்புகள் போனால் போனதுதான்.

முக்கியமாக 'டிஎஃப் -ஹெச் /பூட்' அடித்துப் பாருங்கள். கெர்னலும் கணினி தொடங்கத் தேவையான மற்ற கோப்புகளும் இருக்கும் இடம் /பூட். நான் இதைச் செய்யவில்லை. /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் மொத்தம் 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். படிக்காமல் இறங்கியது என் தப்பு. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்குப் பெரும்பாலும் /பூட் தனியாகத்தான் இருக்கும்.

அப்கிரேட்

முதலில் 12-ஐ முழுதாகப் புதுப்பித்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பிறகு /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பை நானோவில் திறந்து, 'புக்வோர்ம்' (12-ன் பெயர்) என்று இருக்கும் இடமெல்லாம் 'ட்ரிக்ஸி' என்று மாற்றுங்கள். சொற்களை மொத்தமாக மாற்றும் செட் கட்டளையில் ஒரே வரியில் முடிக்கலாம்தான். ஆனால் கண்ணால் பார்த்து மாற்றினால்தான் எப்போதோ சேர்த்துவிட்டு மறந்துபோன வெளி ரெப்போக்கள் (பேக்கேஜ்கள் வரும் இடங்கள்) கண்ணில் படும். அதே இடத்தில் உள்ள சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டரையும் பாருங்கள். டெபியனுக்குச் சொந்தமில்லாத எல்லாவற்றின் முன்னாலும் # போட்டு முடக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம்.

இனி டீமக்ஸ் (ஜன்னல் மூடினாலும் உள்ளே ஓடுவதை நிறுத்தாத டெர்மினல் கருவி) ஒன்றைத் திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். நடுவில் டெஸ்க்டாப்பே விழுந்தாலும் அப்கிரேட் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்க்ரீன் என்ற கருவியும் இதைச் செய்யும். என் விரல்களுக்கு டீமக்ஸ்தான் பழக்கம்.

'சூடோ ஆப்ட் அப்டேட்'
'சூடோ ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஸ்'
'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'

இதே வரிசையில் மூன்றையும் ஓட்டுங்கள். நடுவில் சில கோப்புகளைப் பற்றி, பழையதை வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா என்று கேட்கும். நீங்களே கை வைத்த கோப்பு என்றால் பழையதையே வையுங்கள். அதைத் தொட்ட ஞாபகமே இல்லையென்றால் புதியதைப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் டி அழுத்துங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

நான் மாட்டிய இடம்

ஃபுல்-அப்கிரேட் முக்கால் பங்கு ஓடியபின் புதிய 6.12 கெர்னலுக்கு இனிட்ஆர்டி கட்டத் தொடங்கியது. டிஸ்க்கைத் தொடும் முன்பே கெர்னலுக்குத் தேவைப்படும் டிரைவர்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி வைத்த கோப்புதான் இனிட்ஆர்டி. ஃபர்ம்வேர் கோப்புகள் பெருத்துவிட்டதால் இந்த மூட்டையும் முன்பைவிடப் பெருத்துவிட்டது. என் /பூட் 236 எம்பிதான். அதற்குள் மூன்று பழைய 6.1 கெர்னல்கள் வேறு. 'டிவைஸில் இடமில்லை' என்று ஒரு வரி வந்தது, அதன்பின் திரை முழுக்கப் பிழைச் செய்திகள், கடைசியில் 'எரர் கோட் 1'.

இந்த நேரத்தில் என்ன செய்யக் கூடாதோ அதைச் செய்தேன்: ரீபூட். மூட்டை இல்லாத புதிய கெர்னல் மேலே வந்து நின்றது. கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்', ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன்-பிளாக் 0,0'. டிஸ்க்கே போய்விட்டது என்று வயிற்றைக் கலக்கியது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அதைத் திறக்கும் சாவி அந்த மூட்டைக்குள் இருந்திருக்க வேண்டும், மூட்டைதான் இல்லை.

உங்களுக்கும் பாதியில் நின்றால் டெர்மினலை மூடாதீர்கள், ரீபூட் செய்யாதீர்கள். என்னைப் போல ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய 6.1 கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அது சமர்த்தாகத் திறந்தது.

பிறகு செய்தவை:

1. 'யூநேம் -ஆர்' அடித்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டேன். அதைத் தொடவே கூடாது.

2. 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்குபவற்றைப் பார்த்து, ஓடாத பழைய 6.1 கெர்னல்கள் இரண்டையும் 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' போட்டு நீக்கினேன். /பூட்டுக்குள் போய் ஆர்எம் கட்டளையால் நேரடியாக அழிக்காதீர்கள். கோப்பு போய்விடும், ஆனால் அந்தக் கெர்னல் இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி கணக்கு வைத்திருக்கும்.

3. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்று இருந்ததை 'மாட்யூல்ஸ்=டெப்' என்று மாற்றினேன். உலகத்தில் உள்ள எல்லாக் கணினிக்குமான டிரைவர்களைக் கட்டாமல், இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் கட்டும். இதற்கு ஒரு விலை உண்டு: டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். என் /பூட் சின்னது, எனக்கு வேறு வழியில்லை. இடம் தாராளமாக உள்ளவர்கள் 'மோஸ்ட்' என்றே விட்டுவிடுங்கள்.

4. 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்', மறுபடி 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'.

இந்தத் தடவை மூட்டை கட்டி முடிந்தது. 'எல்எஸ் -எல்ஹெச் /பூட்' அடித்து 6.12-க்கு இனிட்ஆர்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ரீபூட் பக்கமே போனேன். என்கிரிப்ட் செய்தவர்கள் 'சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப்' என்ற பேக்கேஜ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 13-ல் அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். வழக்கமாகத் தானே வந்துவிடும், ஆனால் வராமல் ரீபூட் செய்தால் அவஸ்தை.

முதல் வாரத்தில் கண்டவை

பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் 3.0 பார்க்கவே தெளிவாக இருக்கிறது. நிறுவப் போவது பச்சையில், நீக்கப் போவது சிவப்பில். பேக்கேஜ் பெயர்கள் அடுக்கடுக்காக நிற்பதால், தவறிப்போய் எதையாவது அழிக்கப் போகிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ரொம்ப நாள் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம். க்னோம் 48 டெஸ்க்டாப் வேகமாகத்தான் இருக்கிறது. நான் போட்டிருந்த ஐந்து எக்ஸ்டென்ஷன்களில் மூன்று படுத்துவிட்டன. இரண்டு வாரத்தில் ஒன்று எழுந்தது. மற்ற இரண்டும் இல்லாமலேயே பழகிவிட்டது.

பெரிய ஆர்க்கைவ் ஒன்றைத் தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பி-யில் பிரித்தபோது மறுபடி 'இடமில்லை' என்றது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி! காரணம், 13-ல் /டிஎம்பி டிஸ்க்கில் இல்லை, ராமில் இருக்கிறது; உச்சவரம்பு மொத்த ராமில் பாதி. என்னுடையது 4 ஜிபி ராம், ஆக 2 ஜிபியோடு சரி. பழையபடி வேண்டுமென்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட்' அடித்து ரீபூட் செய்யுங்கள். நான் அப்படி மாற்றவில்லை, பெரிய கோப்புகளை /வார்/டிஎம்பி-யில் பிரித்துக்கொள்கிறேன்.

பைத்தான் 3.11 போய் 3.13 வந்துவிட்டதால் பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (ஒவ்வொரு வேலைக்கும் தனியாக வைக்கும் பைத்தான் அமைப்புகள்) வேலை செய்யாது. ஒட்டுப்போட முயலாமல் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள், ஐந்து நிமிட வேலை.

எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' போடுங்கள். அதற்கு முன் வேண்டாம். என்னைக் காப்பாற்றியது பழைய கெர்னல்தான்.

பின்சேர்க்கை 1: அப்கிரேட் நடுவே திரை உறைந்துவிட்டது, கீழே ஒரு முக்காற்புள்ளி மட்டும் தெரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பவர் பட்டனையே அமுக்கிவிட்டாராம். உறையவில்லை. என்னென்ன மாறியது என்ற செய்தியைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது. க்யூ எழுத்தை அழுத்தினால் மேலே நகரும். எனக்குக் கை தானாக அழுத்திவிடுவதால் எழுத மறந்துவிட்டேன்.

பின்சேர்க்கை 2: 'மாட்யூல்ஸ்=டெப்' போட்டும் மூட்டை சிறுக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பக்கத்திலேயே கான்ஃப்.டி என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் கோப்பில் வேறு மதிப்பு இருந்தால் அதுதான் செல்லும். அவருக்கு அங்கே 'மோஸ்ட்' என்று உட்கார்ந்திருந்தது.

பின்சேர்க்கை 3: கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்டிஎல்.கான்ஃப் கோப்பில் நான் வைத்திருந்த ஸ்வாப்பினஸ் மதிப்பு (ராமில் உள்ளதை டிஸ்க்குக்கு எவ்வளவு தள்ளுவது என்ற அளவு) சத்தமில்லாமல் காணாமல் போயிருந்ததை நேற்றுதான் கவனித்தேன். 13-ல் பூட் ஆகும்போது /இடிசி-யில் உள்ள அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. அந்த வரிகளை சிஸ்டிஎல்.டி ஃபோல்டருக்குள் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பில் போட்டேன், அடுத்த பூட்டில் எடுத்துக்கொண்டது.