மாங்காய் பழுக்கும் முன்பே அழுகுகிறதா? வீட்டிலேயே பழுக்க வைக்கும் முறை

சித்திரை பிறந்துவிட்டால் பல வீடுகளில் இதே புலம்பல்தான். "மரத்துல பறிச்ச காய், கல்லு வைக்காதது" என்று ஆசையாக ஒரு கூடை வாங்கிப் பழுக்கப் போட்டால், பாதி காம்படியில் கறுத்துப்போகும், மீதி தோல் சுருங்கி வெம்பிப்போகும். உடனே அரிசிப் பானையையும் வைக்கோலையும் குறை சொல்வோம். உண்மையில் மாங்காய் அழுகுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை தோப்பிலேயே காயோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. நாம் செய்யவேண்டியது அவற்றை வாசலிலேயே தடுப்பது. பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், அல்போன்சா மூன்றுக்கும் எங்கள் வீட்டில் இந்த ஒரே முறைதான்.

1. முற்றிய காயைத் தனியாகப் பிரியுங்கள்

முற்றாத காயை என்ன செய்தாலும் பழுக்காது. வெம்பும், பிறகு அழுகும். காம்பைச் சுற்றியுள்ள தோள்பட்டைப் பகுதியைப் பாருங்கள். காம்பு குழிக்குள் உட்கார்ந்த மாதிரி, இரண்டு பக்கமும் தோள் மேலே எழும்பியிருந்தால் முற்றிய காய். சந்தேகம் இருந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும். மிதப்பதை ஊறுகாய்க்கோ பச்சடிக்கோ எடுத்துவிடுங்கள். ஒன்றை அரிவாள்மனையில் நறுக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. கொட்டை ஓடு கெட்டியாக எதிர்த்து நின்று, அதை ஒட்டிய சதை இளமஞ்சளாக இருந்தால் அந்தக் கூடையை நம்பலாம்.

அடிபட்டது, கீறல் விழுந்தது, தோலில் பால் வழிந்து கறுத்தது எல்லாம் தனி. காம்பை ஒட்ட ஒடித்தால் பீறிட்டு வரும் பால் தோலையே பொசுக்கிவிடும். அதனால் ஒரு சென்டிமீட்டராவது காம்பு விட்டுப் பறித்த காயாகக் கேட்டு வாங்குங்கள். காம்பு ஒடிந்த காய்களைப் பால் வடியும்வரை கம்பித் தட்டில் தலைகீழாக வைத்துவிட்டுக் கழுவுங்கள்.

2. வெந்நீர்க் குளியல்

பலரும் விட்டுவிடும் படி இதுதான். எங்கள் வீட்டு மாம்பழங்களின் கரும்புள்ளிக்கு விடிவு கிடைத்ததும் இதில்தான்.

மா பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் மழையோ ஈரமோ இருந்தால், கொலிட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வித்துகள் பிஞ்சின் மேல் ஒட்டி முளைக்கும். ஆனால் உடனே காயைத் தின்னாது. மேல்தோலில் காலூன்றி மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பச்சைக் காயின் தோலில் பூஞ்சையைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதே காரணம். காய் பழுக்கப் பழுக்க அந்தப் பொருட்கள் குறையும், பூஞ்சை விழித்துக்கொள்ளும். சந்தையில் மாசுமறுவில்லாமல் இருந்த காய் நம் வீட்டில் மஞ்சளாகும்போதே புள்ளி புள்ளியாகக் கறுப்பது இதனால்தான். ஆந்த்ராக்னோஸ் என்பார்கள். துடைத்தாலும் கழுவினாலும் போகாது. சூடு மட்டும் அதைத் தொடும்.

தண்ணீர் 52 டிகிரி செல்சியஸ், நேரம் 5 முதல் 10 நிமிடம். பெரிய பாத்திரமாக எடுங்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி அளவில் இருக்கும். அதில் இரண்டு பங்குக்குக் கொதிநீர் ஒரு பங்கு கலந்தால் 53 டிகிரி வரும். காயைப் போட்டதும் சூடு இறங்கும் என்பதால் பக்கத்தில் கொஞ்சம் வெந்நீர் தயாராக இருக்கட்டும். கொதிநீரை நேராகக் காயின் மேல் ஊற்றாமல் ஓரமாக விட்டுக் கலக்குங்கள்.

"கை பொறுக்கும் சூடு" என்ற கணக்கு இங்கே உதவாது. 48 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் பூஞ்சை அப்படியே இருக்கும், 55-ஐத் தாண்டினால் தோல் வெந்துவிடும். சமையலுக்கான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணாடிக் காய்ச்சல் மானி 42 டிகிரிக்கு மேல் காட்டாது, உடைந்தால் பாதரசம் வேறு. நேரம் முடிந்ததும் சாதாரண தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். காய் வீட்டுக்கு வந்த அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது. ஏற்கனவே இளகிய பழத்துக்கும் இளங்காய்க்கும் இது வேண்டாம்.

3. கூடையில் அடுக்குதல்

மாங்காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவைத் தானே விடும். அந்த வாயு கொஞ்சம் தங்கவேண்டும், ஈரம் தங்கக்கூடாது. அரிசிப் பானை வாயுவைத் தேக்கிச் சீக்கிரம் பழுக்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே ஒன்று அழுகினால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று காய்க்கு அது போதும். கூடைக் கணக்கில் என்றால் மூங்கில் கூடையும் உலர்ந்த வைக்கோலும்தான் என் தேர்வு. ஒரே அடுக்கு, காம்பு கீழ்நோக்கி, ஒன்றையொன்று அழுத்தாமல். மேலே பருத்தித் துணி. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். அவசரமென்றால் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டை நடுவில் வையுங்கள்.

இடமும் முக்கியம். 20 முதல் 25 டிகிரிதான் மாங்காய்க்குப் பிடித்த சூடு. மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? அடுப்பங்கரையையும் மொட்டைமாடி அறையையும் விட்டுவிட்டு, வெயில் படாத உள்ளறைத் தரையில் வையுங்கள். குளிர்பெட்டியில் பச்சைக் காயை வைக்காதீர்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த பிறகு சில நாள் வைக்கலாம்.

4. தினமும் ஒரு பார்வை

பெரும்பாலும் 5 முதல் 8 நாளில் பழுத்துவிடும். காலையில் துணியை விலக்கி, காம்படியை முகர்ந்து பாருங்கள். வாசம் வந்தால் எடுங்கள். புளித்த வாடையோ, காம்பைச் சுற்றி நீர்கோத்த பழுப்போ தெரிந்தால் அந்தப் பழத்தை அப்போதே வெளியேற்றுங்கள்.

கால்சியம் கார்பைடு கல் பக்கம் போகவே போகாதீர்கள். பழுக்க வைக்க அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. அதில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் வீட்டுக்குள் வரவேண்டிய பொருட்களே இல்லை. நிறம் மட்டும் ஏறி, உள்ளே புளிப்பாக இருக்கும் பழத்துக்காக எதற்கு அந்த ஆபத்து?

பின்சேர்க்கை: "எல்லாம் செய்தும் நீலம் பழத்துக்குள் வண்டு இருக்கிறதே" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது கொட்டை வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும், புழு கொட்டைக்குள் போய் வளரும், காய் பெருக்கும்போது துளை மூடிக்கொள்ளும். வெளியே தழும்புகூடச் சரியாகத் தெரியாது. வெந்நீர்க் குளியல் அந்த ஆழத்துக்கு எட்டாது. பழத்தைக் கெடுத்தது உங்கள் கூடை இல்லை. அந்தக் கொட்டையை மட்டும் தோட்டத்தில் வீசாமல் எரித்துவிடுங்கள், வீட்டில் மாமரம் இருந்தால் கட்டாயம்.